நீட்டிப்பதா, நேரத்தைக் கூட்டுவதா, ஏஜென்சிக்கு விடுவதா? தற்காலிகப் பணியாளர் கோப்பில் எடுக்க வேண்டிய முடிவு

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பணியமைப்புப் பிரிவில் தவறாமல் நகரும் கோப்பு ஒன்று உண்டு. தினக்கூலியிலோ தொகுப்பூதியத்திலோ (படிகள் இல்லாமல் மாதத்துக்கு ஒரே தொகை) ஒருவர் வேலை பார்க்கிறார். கணினியில் பதிவு செய்பவராக இருக்கலாம், இரவுக் காவலராக இருக்கலாம், தூய்மைப் பணியாளராக இருக்கலாம். அவருடைய ஆணை மார்ச் 31-உடன் முடிகிறது. வேலை முடியவில்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது. போன வருடத்துக் குறிப்பை எடுத்து, தேதியை மாற்றி, "மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கலாம்" என்று எழுதி மேலே அனுப்பிவிடுவதுதான் பழக்கம்.

அந்த ஒரு வரியை எழுதும் முன் குறைந்தது நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இருக்கிறபடியே காலத்தை நீட்டிக்கலாம். பகுதிநேரத்தை முழுநேரமாக்கலாம், அல்லது கொஞ்சம் நேரம் கூட்டலாம். வேலையை வெளிமுகமைக்கு, அதாவது ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு, கொடுக்கலாம். அல்லது இது நிரந்தர வேலைதான் என்று ஒப்புக்கொண்டு பணியிடம் கேட்கலாம். நான்குக்கும் விதி வேறு, செலவு வேறு, அந்த மனிதருக்கு நேர்வதும் வேறு. கோப்பு எழுதுபவருக்கும், அந்தக் கோப்பில் பெயர் இருப்பவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தற்காலிகப் பணியிடம் வேறு, தற்காலிகப் பணியாளர் வேறு. முறையாகத் தேர்வாகி வந்த ஆசிரியரே தற்காலிகப் பணியிடத்தில் இருக்கலாம். அந்த இடத்துக்கு அவ்வப்போது தொடர் நீட்டிப்பு ஆணை வரும், அது தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். அவ்வளவுதான், அவர் வேலைக்கு ஆபத்தில்லை. நாம் பேசுவது மற்ற இரண்டு வகையினரைப் பற்றி. அனுமதிக்கப்பட்ட காலியிடத்தில் அவசரத்துக்காகத் தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர்கள் ஒரு வகை. பழைய மாநில, சார்நிலைப் பணி விதிகளில் 10(அ)(1) என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த விதி இதற்குத்தான். இப்போது 2016-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம் அந்த இடத்தில் இருக்கிறது. இன்னொரு வகையினருக்குப் பணியிடமே கிடையாது. சில்லறைச் செலவினத்திலோ (அலுவலகத்தின் அன்றாடச் செலவுக்கான நிதி) திட்ட நிதியிலோ ஊதியம் வாங்குவார்கள். முதல் வகையினருக்குக் காலியிடம் என்ற தரையாவது காலடியில் இருக்கிறது. இரண்டாம் வகையினருக்கு அதுவும் இல்லை. கோப்பின் முதல் பக்கத்திலேயே இவர் எந்த வகை என்று எழுதாமல் விட்டால், பின்னால் எழுதும் எல்லாமே தடுமாறும்.

இருக்கிறபடியே நீட்டிப்பது

இதுதான் எளிதான வழி. வேலை தடைபடாது, ஆளைப் புதிதாகப் பழக்க வேண்டாம், நிதி ஒதுக்கீடு இருந்தால் அதிகாரம் பெற்ற அலுவலரின் செயல்முறைகள் (அவர் பிறப்பிக்கும் எழுத்து ஆணை) போதும். வேலைக்கு உண்மையிலேயே முடிவு இருந்தால் இதைவிடச் சரியான வழி கிடையாது. பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் பணி, மூன்றாண்டுத் திட்டம், கணக்கெடுப்பு போன்றவற்றில் "இந்தப் பணி முடியும் வரை" என்று நேர்மையாக எழுத முடியும்.

ஆனால் வேலைக்கு முடிவே இல்லாத இடத்தில் வருடா வருடம் நீட்டிப்பது யாருக்கும் நல்லதல்ல. பணியாளர் பக்கம் ஒரு நம்பிக்கை வளர்கிறது: பத்து வருடம் ஓட்டிவிட்டால் வரன்முறை, அதாவது பணி நிரந்தரம், கிடைத்துவிடும். இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 28.2.2006 அன்று வந்த பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 22, 1.1.2006 அன்று பத்தாண்டு பணி முடித்த தினக்கூலிப் பணியாளர்களை வரன்முறைப்படுத்த வழி செய்தது. அதே ஆண்டு ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உமாதேவி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நீண்ட காலம் வேலை பார்த்தது மட்டுமே நிரந்தர உரிமையைத் தராது, முறையான போட்டி இல்லாமல் வந்தவரைப் பின்வாசல் வழியாக நிரந்தரமாக்கக் கூடாது என்றது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், தகுதியோடு, நீதிமன்ற ஆணையின் துணையில்லாமல் பத்தாண்டு வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் ஒருமுறை விலக்கு தந்தது. ஒரே ஒருமுறை. ஆகவே 2015-லோ 2020-லோ சேர்ந்தவர் பத்தாண்டு முடிந்ததும் அரசாணை 22 தானாக வந்து கைகொடுக்கும் என்று நினைத்தால் ஏமாறுவார். அவரிடம் இதை யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அலுவலர் பக்கமும் ஒரு தவறான நிம்மதி இருக்கிறது. "உமாதேவி தீர்ப்பு இருக்கிறது, எத்தனை வருடம் நீட்டித்தாலும் பிரச்சினை இல்லை" என்பார்கள். அந்த நிம்மதி இப்போது செல்லாது. 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பாருங்கள். மத்திய நீர் ஆணையத்தில் பகுதிநேரம் என்ற பெயரில் நீண்ட காலம் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்தவர்களை நீக்கியது செல்லாது என்று சொல்லி, அவர்களை வரன்முறைப்படுத்த உத்தரவிட்டது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையைத் தற்காலிகம் என்ற பெயரில் வாங்கிக்கொண்டு, உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். 2025 ஆகஸ்ட்டில் உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலிப் பணியாளர்கள் தொடர்பான தரம் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதே திசையில்தான் போனது. நிதி நெருக்கடி என்று சொல்லிவிட்டாலே எல்லாம் நியாயமாகிவிடாது என்றது.

அப்புறம், இடைவெளி விடும் வழக்கம். மார்ச் 31-இல் விடுவித்து, நடுவில் ஓரிரு நாள் விட்டு, திரும்ப எடுப்பது. தொடர்ச்சி அறுந்துவிட்டதாகக் காட்டத்தான் இது. செயற்கையான இடைவெளியை நீதிமன்றங்கள் பல முறை கண்டித்திருக்கின்றன. ஒருவருடைய சம்பளத்தை வெட்டி உண்டாக்கும் இந்த இடைவெளிக்கு நிர்வாக நியாயம் எதுவும் கிடையாது. உண்மையிலேயே வேலை இல்லாத மாதம் என்றால் அதை ஆணையிலேயே எழுதிவிடலாம். இல்லையென்றால் விடக் கூடாது.

நீட்டிப்பு திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன் நடந்த உதாரணம், கொரோனா காலத்துத் தொகுப்பூதியச் செவிலியர்கள். நெருக்கடியில் எடுக்கப்பட்டு, சில முறை நீட்டிக்கப்பட்டு, 31.12.2022-உடன் பணி முடிந்தது என்று ஆணை வந்தது. பெருந்தொற்றில் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்தவர்கள் புத்தாண்டை வீதியில் போராட்டத்தோடு தொடங்கினார்கள். மாற்றுப் பணி தருவதாக அரசு அதற்குப் பிறகுதான் அறிவித்தது. ஒவ்வொரு நீட்டிப்பு ஆணையிலும் அடுத்து என்ன என்பது எழுதப்பட்டிருந்தால், அந்த வலியில் பாதியாவது குறைந்திருக்கும்.

நேரத்தைக் கூட்டுவது

இங்குதான் மிகக் கவனம் தேவை. காரணம், நம் மாநில விதிகளில் பகுதிநேரம், முழுநேரம் என்ற கோடு வெறும் சம்பளக் கோடு அல்ல, உரிமைக் கோடு. அரசாணை 22-க்கு விளக்கமாக 27.6.2013 அன்று அரசாணை எண் 74 வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக, தொடக்கத்திலேயே முழுநேர அடிப்படையில் அமர்த்தப்பட்ட தினக்கூலிப் பணியாளர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை என்று அது சொன்னது. 2014-இல் கோவிந்தசாமி வழக்கில், பகுதிநேரப் பணியாளர்கள் வரன்முறை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

"தொடக்கத்திலேயே" என்ற சொல்லைக் கவனியுங்கள். முதல் ஆணையில் நான்கு மணி நேரம் என்று எழுதிச் சேர்த்துவிட்டு, ஐந்து வருடம் கழித்து எட்டு மணி நேரமாக்கினாலும், இதுபோன்ற ஒரு சலுகை வரும்போது முதல் ஆணைதான் பேசும். முழுநேர வேலை என்று தெரிந்தே, சிக்கனத்துக்காகப் பகுதிநேரம் என்று முதல் ஆணை போடும் அலுவலர், அந்த மனிதரின் இருபது வருட எதிர்காலத்தைத் தொடுகிறார். இதைத் தெரிந்துதான் எழுத வேண்டும்.

நேரம் எப்படி ஒரு வாழ்க்கைப் பிரச்சினையாகிறது என்பதற்குப் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் முதலிய பாடங்களுக்காக 2012-இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் 16,549 இடங்களில் அமர்த்தப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். படிப்படியாக ஊதியம் உயர்ந்து 2024-இல் 12,500 ரூபாயாக இருந்தது. ஆனால் அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை ஊதிய உயர்வு அல்ல, முழுநேரமும் காலமுறை ஊதியமும்தான் (நிரந்தரப் பணியாளருக்குரிய ஊதிய விகிதம்). வாரம் மூன்று அரைநாள் என்ற வேலை, மற்ற அரைநாட்களில் வேறு நிலையான வேலைக்கும் போகவிடாது. இதிலேயே பிழைக்கவும் விடாது.

அதனால் நேரத்தைக் கூட்டுவது நல்லதுதானே என்று தோன்றும். எப்படிக் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்குக்கு, தினமும் நான்கு மணி நேரம், மாதம் 26 நாள், ஊதியம் 6,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 62 ரூபாய் 50 காசு. இதை எட்டு மணி நேரமாக்கி, "ஊதியத்தையும் உயர்த்திவிட்டோம்" என்று 10,000 ரூபாய் கொடுத்தால் மணிக்கு 48 ரூபாய்தான். கைக்கு 3,500 கூடுதலாக வருகிறது. ஆனால் மாலையில் டியூஷன் எடுத்தோ தையல் வேலை செய்தோ சம்பாதித்தது போய்விடுகிறது. நேரம் கூட்டும் கருத்துரு (மேலிடத்துக்கு அனுப்பும் முன்மொழிவு) எழுதும்போது மாத ஊதியத்தை மட்டும் ஒப்பிடாமல், மணிக்கணக்கில் என்ன வருகிறது என்று ஒரு அட்டவணை இணைப்பது நல்லது. நிதித்துறைக்கும் அது தெளிவாக இருக்கும்.

முழுநேரமாக்கினால் இன்னொரு கேள்வியும் எழும். நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையை, அதே பொறுப்போடு செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சமாவது தர வேண்டும் என்று 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரன்முறை வேறு, ஊதியச் சமத்துவம் வேறு. முதலாவது கிடைக்காதவருக்கும் இரண்டாவது கிடைக்கலாம். ஆகவே ஒருவரை இளநிலை உதவியாளர் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார வைத்து, தன்பதிவேடு (தன்னிடம் வரும் கோப்புகளைப் பதியும் ஏடு) முதல் எல்லாம் பார்க்க வைத்தால், ஊதிய வித்தியாசத்தைக் கேட்டு வழக்கு வரும் என்று எதிர்பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடத் தீங்கானது வாய்மொழி நேரக் கூட்டல். ஆணையில் பகல் ஒரு மணி வரை என்றிருக்கும். ஆள் மாலை ஆறு வரை இருப்பார். "கொஞ்சம் இருந்துட்டுப் போம்மா" என்பார்கள். மாதக்கணக்கில் அப்படியே ஓடும். வருகைப் பதிவேட்டில் அந்த ஐந்து மணி நேரம் இருக்காது. நாளை அவர் மாலை நாலு மணிக்கு அலுவலக மாடிப்படியில் விழுந்து கால் முறிந்தால், அந்த நேரத்தில் அவர் பணியில் இருந்தார் என்பதற்கே சான்று இல்லை. வழக்கு வந்தால் அலுவலகமும் உண்மையைச் சொல்ல முடியாமல் நிற்கும். ஏட்டில் உள்ள நேரமும் உண்மையான நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குறுகிய காலத்துக்கு நேரம் கூட்டுவது வேறு விஷயம். வாக்காளர் பட்டியல் திருத்தம், பொதுத்தேர்வு, வெள்ள நிவாரணம் போன்ற வேளைகளில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, நாளைக்கு இத்தனை மணி நேரம் கூடுதல், அதற்கு இவ்வளவு ஊதியம் என்று தனிச் செயல்முறைகள் போட்டுவிட்டால் யாருக்கும் குறையில்லை.

வெளிமுகமைக்குக் கொடுப்பது

மேலிருந்து அழுத்தம் அதிகமாக வரும் வழி இதுதான். பணியிடம் உருவாகாது, ஓய்வூதியப் பொறுப்பு இல்லை, ஆள் வராவிட்டால் ஏஜென்சி வேறு ஆள் அனுப்பும். ஒரு உண்மையான நன்மையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது: ஒழுங்கான ஏஜென்சியாக இருந்தால் வருங்கால வைப்பு நிதியும் ஈஎஸ்ஐயும் (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிப்பார்கள். சில்லறைச் செலவினத்தில் தினக்கூலி வாங்கும் எத்தனையோ பேருக்கு இந்த இரண்டும் கிடையாது.

ஆனால் செலவு குறையும் என்பதை நம்பும் முன் கணக்குப் போடுங்கள். பணியாளரின் ஊதியத்துக்கு மேல் வேலையளிப்பவர் பங்காக வைப்பு நிதி 12 சதவீதம், ஈஎஸ்ஐ 3.25 சதவீதம். அதற்கு மேல் ஏஜென்சியின் சேவைக் கட்டணம், விலக்கு இல்லாத பணிகளுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. முதல் இரண்டும் பணியாளருக்குப் போய்ச் சேர்கிறது. கடைசி இரண்டும் போகாது. அரசு செலவழிப்பது கூடி, அவர் கையில் வாங்குவது குறைவது நடக்கக்கூடிய காரியம்தான்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை இடஒதுக்கீடு. 69 சதவீத இடஒதுக்கீட்டைச் சட்டமாக்கி வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டியல் வாங்கித் தினக்கூலிக்கு ஆள் எடுத்தால்கூட இனசுழற்சியை (இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு முறைவைத்து இடம் தருவதை) கேட்க முடியும். ஏஜென்சி யாரை அனுப்புகிறது என்பதில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 115, வெளிமுகமை நியமனங்களைப் பற்றியும் ஆராய ஒரு குழு அமைத்தபோது அரசு ஊழியர் சங்கங்கள் கொதித்ததற்கும், அரசு பின்வாங்கியதற்கும் இதுவும் ஒரு காரணம். 2025 ஆகஸ்ட்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனபோது, ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை முழுக்கப் போகவில்லை, ஏஜென்சியில் சேர்ந்துகொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். அத்தனை வருட உழைப்பும் மாநகராட்சியின் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறதே என்பதுதான் அவர்கள் கேட்டது. நியாயமான கேள்வி.

காவலர் பணிக்கு மட்டும் இடையில் ஒரு வழி உண்டு. முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ அரசு நிறுவனம்தான். அதன் மூலம் ஆள் எடுத்தால் தனியார் ஏஜென்சியின் பல தொல்லைகள் இல்லை.

பணியிடம் கேட்பது

மெதுவான வழி. கருத்துரு துறைத்தலைமைக்குப் போய், அங்கிருந்து தலைமைச் செயலகம் போய், நிதித்துறையின் கேள்விகளோடு திரும்பி வரும். அதற்குள் அலுவலரே மாறுதலாகிப் போயிருப்பார். அதனால்தான் பலரும் இதைத் தொடுவதே இல்லை. ஆனாலும் மூன்று வருடத்துக்கு மேல் ஒரே வேலைக்கு, முழுநேரமாக, ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தால் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. கேட்டு மறுக்கப்பட்டாலும் கோப்பில் அது பதிவாகிறது. பின்னால் நீதிமன்றம் கேட்கும்போது அலுவலகம் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

இந்த இடைக்காலத்துக்குத்தான் நீட்டிப்பு உண்மையில் பொருந்தும். 2022 ஜூலையில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் 13,331 ஆசிரியர் காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவெடுத்தது. இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய். ஊதியம் குறைவு, தேர்வு முறையிலும் விமர்சனம் இருந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: பணியிடம் இருந்தது, முறையான நியமனம் வரும் வரை என்ற எல்லையும் இருந்தது. ஒரு தற்காலிகப் பணியாளரை நீக்கிவிட்டு இன்னொரு தற்காலிகப் பணியாளரை வைக்கக் கூடாது, முறையாகத் தேர்வானவர்தான் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்று 1992-லேயே பியாரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆணையில் "முறையான நியமனதாரர் பணியேற்கும் வரை அல்லது இந்தத் தேதி வரை, எது முன்னதோ அதுவரை" என்று எழுதுவது அதற்காகத்தான்.

கூடுதல் பொறுப்பு கொடுப்பது, ஓய்வு பெற்றவரை வைத்துக்கொள்வது ஆகியவையும் உண்டு. ஒரு மூன்று மாதத்துக்குச் சரி. அதற்கு மேல் போனால் இருக்கிற நிரந்தரப் பணியாளர் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் நொந்துபோவார்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆளைப் பார்த்து முடிவெடுக்காமல் வேலையைப் பார்த்து முடிவெடுங்கள். முடிவுத் தேதி உள்ள வேலைக்கு நீட்டிப்பு. முடிவு தெரியாத, ஆனால் நாளைக்கு இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு, எழுத்தில் உள்ள உண்மையான பகுதிநேரம். முடிவில்லாத முழுநேர வேலைக்குப் பணியிடக் கருத்துருவும், அது வரும் வரை முழுநேர ஆணையோடு நீட்டிப்பும். வெளிமுகமையை நான் கடைசியில்தான் வைப்பேன். லிஃப்ட் பராமரிப்பு போல, அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ள முடியாத தனித்திறன் வேலைகளுக்கு அது பொருந்தும். தினமும் பெருக்கித் துடைக்கும் வேலைக்கும் கோப்புத் தட்டச்சு வேலைக்கும் பொருந்தாது.

பணியாளர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு நீட்டிப்பு ஆணையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு, ஆணை நகலையும் வருகைப் பதிவேட்டின் நகலையும் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஊதியம் வங்கியில் வரும் பதிவுகளைப் பத்திரமாக வையுங்கள். நேரம் கூட்டச் சொன்னால் மரியாதையாக, "ஐயா, ஆணையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்" என்று கேளுங்கள். அலுவலர் பெண்ணாக இருந்தாலும் அப்படியே. நல்ல அலுவலர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கோப்பு எழுதுபவருக்கும் ஒன்று. மார்ச் 31-இல் முடியும் ஆணைக்கு ஜனவரியிலேயே கருத்துரு அனுப்பிவிடுங்கள். மேலிடத்துக் கேள்விக்குப் பதில் எழுதவே ஒரு மாதம் போகும். ஆணை வராமலே ஏப்ரல் பிறந்துவிட்டால், "வந்துகொண்டே இரு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயால் சொல்லி வேலை வாங்காதீர்கள். வேலை நிற்க முடியாது என்றால், பின்னேற்பு ஆணை (நடந்துவிட்டதற்குப் பின்னால் தரும் ஒப்புதல்) கோரி அன்றைக்கே ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலை அவரிடமும் கொடுத்துவிட்டு, ஏப்ரல் முதல் நாளிலிருந்தே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள்.